சஹாரா ஹாட்நைட்ஸ் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்வீடன் ராக் குழுவான சஹாரா ஹாட்நைட்ஸின் ‘ஜென்னி பாம்’ ஆல்பத்தை அண்மையில்தான் கேட்டேன். அதே நாட்டின் தி ஹைவ்ஸ் ராக் குழு உலகப் புகழ் பெற்ற அலையில்தான் இந்த நான்கு பெண்களும் மேலே வந்தார்கள் என்கிறார் நண்பர் ஒருவர். அப்படித்தானா? தோழிகள் நால்வர் அந்தப் பாடல்களை வாசித்துப் பார்க்கிறோம். இரண்டு கிட்டாரும் சேர்ந்தாலே வெறும் இரைச்சலாகிவிடுகிறது. எங்கே தவறு?

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

ஆண்டுகளை வரிசைப்படுத்தினாலே நண்பரின் வாதம் நிற்காது. சஹாரா ஹாட்நைட்ஸ் தொடங்கியது 1992இல். ஹைவ்ஸுக்கு அமெரிக்காவில் பெரிய பெயர் வந்தது 2002 வாக்கில். அதற்குள் இவர்களுடைய முதல் ஆல்பம் (1999), ஜென்னி பாம் (2001) இரண்டுமே ஸ்வீடனில் வந்துவிட்டன. ஸ்வீடிஷ் ராக் மீது வெளிநாட்டுக் காதுகள் திரும்பியது இவர்களுக்கும் உதவியிருக்கும். ஆனால் அப்போது கேட்கக் கிடைத்தது பத்து வருடம் சேர்ந்தே வாசித்த குழு.

மரியா ஆண்டர்சன் பாட்டும் கிட்டாரும், ஜென்னி ஆஸ்ப்லுண்ட் கிட்டார், அவருடைய சகோதரி யோஹானா பாஸ் கிட்டார், யோசஃபின் ஃபோர்ஸ்மன் டிரம்ஸ். ஊர் ரோபெர்ட்ஸ்ஃபோர்ஸ்: வடக்கு ஸ்வீடனில், உமேயோ நகருக்கும் வடக்கே, சுமார் இரண்டாயிரம் பேர் வாழும் பழைய இரும்பாலை ஊர். அவ்வளவு சின்ன இடத்திலிருந்து எப்படி என்று வியப்பவர்கள் ஸ்வீடனின் ஏற்பாட்டைக் கவனிப்பதில்லை. அங்கே நகராட்சிகளே இசைப்பள்ளி நடத்துகின்றன. அதற்கு மேல், மக்கள் கல்விச் சங்கங்கள் ராக் குழுக்களையும் ‘படிப்பு வட்டம்’ என்று பதிவு செய்துகொள்கின்றன. குறைந்தது மூன்று பேர், மூன்று சந்திப்புகள், மொத்தம் ஒன்பது படிப்பு மணி. ஒரு மணி என்பது 45 நிமிடம். வருகைப் பட்டியலை ஒழுங்காக நிரப்பிக் கொடுத்தால் ஒத்திகை அறை, டிரம்ஸ், ஆம்ப் (கிட்டார் ஒலிபெருக்கி) என்று ஏதோ ஒரு வகையில் உதவி கிடைக்கும். சங்கத்துக்கு வரும் அரசு மானியத்துக்கு அந்தப் பட்டியல்தான் கணக்கு. அதனால் குழுவும் தொடர்ந்து கூடியாக வேண்டும். திறமையை யாரும் அளப்பதில்லை, வந்தார்களா என்று மட்டுமே பார்க்கிறார்கள். இதைவிடச் சிறந்த கலைக்கொள்கை எனக்குத் தெரியாது.

அதேசமயம் அந்த அறைகளை நிறைத்தவர்கள் பெரும்பாலும் பையன்கள்தான். பெண்களுக்கென்றே ‘பாப்கொல்லோ’ இசை முகாம் ஹுல்ட்ஸ்ஃபிரெட்டில் தொடங்கியது 2003இல்தான். இந்த நால்வர் வளர்ந்த காலத்தில் அப்படி ஒன்று இல்லை.

இனி உங்கள் இரைச்சல். இருவரும் ஆறு தந்தியிலும் முழு கார்டு வாசிக்கிறீர்கள், கெயினையும் (ஒலியைக் கரகரப்பாக்கும் ஆம்ப் குமிழ்) ஏற்றி வைத்திருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அந்தக் கரகரப்பு, அதாவது டிஸ்டார்ஷன், ஏறிய முழு கார்டில் மூன்றாம் சுரத்தின் மேற்சுரங்கள் மற்றவற்றோடு உரசிக் கலங்கும். இரண்டு கிட்டார் அதையே செய்தால் கலக்கம் இரட்டிப்பு. ஒருவர் தடித்த மூன்று தந்திகளில் பவர் கார்டு (மூன்றாம் சுரம் இல்லாத கார்டு) மட்டும், எல்லாம் டவுன்ஸ்ட்ரோக்கில், அதாவது கீழ்நோக்கிய அடியில். மற்றவர் ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேலே ஆக்டேவோ இரண்டு சுரமோ வாசிக்கட்டும், சரணத்தில் பாதி இடம் சும்மா இருக்கட்டும். கெயினைப் பாதிக்குக் குறையுங்கள். தனியே வாசிக்கையில் ஒலி மெலிந்ததாகத் தோன்றும், பொறுத்துக்கொள்ளுங்கள். பாஸ் கிட்டார் சேர்ந்ததும் நிரம்பிவிடும். ஆம்பில் கீழொலிக்கான பாஸ் குமிழைக் குறைத்து, நடு ஒலிக்கான மிட்டை ஏற்றுங்கள். தனியறையில் இனிக்கிற, மிட்டை வெட்டிய ஒலி டிரம்ஸ் வந்தவுடன் காணாமல் போகும்.

டிரம்ஸ் வாசிப்பவர் ஹை-ஹாட்டை (காலால் திறந்து மூடும் இரட்டைத் தட்டு) பாதி திறந்தே வைத்திருந்தால் அந்தச் சலசலப்பு கிட்டாரை மூடிவிடும். சரணத்தில் அது மூடியிருக்கட்டும், கோரஸில் திறக்கட்டும்.

சிப்ஸ் கீஸ்பியூ தயாரித்த ஜென்னி பாமில் இந்தக் கட்டுப்பாட்டைத்தான் கேட்கிறேன். வேகம் என்று நாம் நினைப்பதில் பாதி, தந்தியை நேரத்தில் நிறுத்துவதால் வருகிறது. 2004இல் வந்த ‘கிஸ் அண்ட் டெல்’ இன்னும் பளபளப்பானது. கற்பதற்கு முந்தையதே நல்லது.

முதலில் பாஸும் டிரம்ஸும் மட்டும், அசல் வேகத்தைவிட 20 பிபிஎம் (நிமிடத்துக்கு 20 தாள அடி) குறைத்து, மெட்ரோனோமோடு. அது நிலைத்த பிறகு பவர் கார்டு கிட்டார். இரண்டாவது கிட்டார் கடைசியில். ஒவ்வொரு கட்டத்தையும் அறையின் நடுவில் ஃபோனை வைத்துப் பதிவு செய்து, நால்வரும் சேர்ந்து கேளுங்கள்.