தனுஷ்கோடி ரயில் நிலையம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் குடும்பத்துடன் தனுஷ்கோடி போயிருந்தோம். ரயில் நிலையத்தின் இடிந்த சுவர்களைப் பார்த்ததும் ஒரு சந்தேகம். புயலில் உடைந்த பாம்பன் பாலத்தை உடனே சரிசெய்தவர்கள் இந்த நிலையத்தை மட்டும் ஏன் அப்படியே விட்டுவிட்டார்கள்? மறுபடியும் ரயில் விடவேண்டும் என்கிறார்களே, உங்கள் கருத்து என்ன?

– வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

அது தனுஷ்கோடிக்காரர்களுக்காகக் கட்டிய நிலையம் அல்ல. 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும் சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒரே டிக்கெட்டில் போக வழி பிறந்தது: தனுஷ்கோடி வரை ரயில், இலங்கைக் கரையிலுள்ள தலைமன்னார் வரை கப்பல், அங்கிருந்து மறுபடி ரயில். அந்த ரயிலுக்குப் போட் மெயில் என்ற பெயர் அப்படி வந்ததுதான். பிரதான பாதை பாம்பனிலிருந்து நேரே தனுஷ்கோடிக்குப் போனது. ராமேஸ்வரம் வெறும் கிளை. ராமநாதசுவாமியையே கிளையில் உட்கார வைத்த ரயில்வேக்குக் கண் முழுக்கக் கொழும்பின் மேல்தான்!

வியாபாரிகள், யாத்திரிகர்கள் மட்டுமல்ல, மண்டபம் முகாமில் நோய்ச் சோதனை முடித்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலிகளும் இந்த வழியாகத்தான் கடல் தாண்டினார்கள்.

1964 டிசம்பர் 22 நள்ளிரவையொட்டி வந்த புயல், நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்த பாசஞ்சர் ரயிலைப் பயணிகளோடு கொண்டுபோனது. பாலத்தை 46 நாட்களில் மீட்டுவிட்டார்கள். ராமேஸ்வரத்துக்கு அது வேண்டும். தனுஷ்கோடியையோ குடியிருக்கத் தகாத இடம் என்று அரசு அறிவித்தது. கப்பலையும் ராமேஸ்வரத்துக்கே மாற்றிவிட்டார்கள். கப்பல் போனபின் அந்த மணல் திட்டுக்கு யார் தண்டவாளம் போடுவார்கள்? இடித்தது புயல், கைவிட்டது இந்தக் கணக்கு.

புயலுக்கு இரண்டு மாதம்கூட இல்லை, அக்டோபர் 30 அன்றுதான் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. அந்தத் தோட்டக் கூலிகளின் வழிவந்த மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவு. பாட்டனார் தனுஷ்கோடியில் கப்பல் ஏறினார். திருப்பி அனுப்பப்பட்ட பேரன் வந்து இறங்கியது ராமேஸ்வரத்தில். 1984-இல் அந்தக் கப்பலும் நின்றது. தனுஷ்கோடியைப் பற்றிப் பேய்க்கதை சொல்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

மறுபடி ரயில் விட 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். எனக்கு அதில் ஆர்வமில்லை. வேடிக்கை பார்க்கப் போகிறவர்களுக்கு 2017-இல் திறந்த சாலையே போதும். தலைமன்னாருக்குக் கப்பல் விடட்டும், பிறகு ரயிலைப் பற்றிப் பேசலாம்.