வாப்பா வீட்டு மாடியில் பழைய சோலார்: கழற்றலாமா?

வ அலைக்கும் ஸலாம் தம்பி.

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான். துபாய் வந்து நாலு மாசம் ஆகிறது. பெரியபட்டினத்து வீட்டு மொட்டைமாடியில் வாப்பா 2013-ல் போட்ட 2 கிலோவாட் சோலார் இருக்கிறது. "முன்ன மாதிரி கரண்ட் வரல" என்கிறார். ஏஜென்ட் ஒருவர் வந்து, எல்லாவற்றையும் கழற்றிவிட்டு 5 கிலோவாட் புதுசு போடச் சொல்கிறார். அதற்கு இங்கே பேங்கில் லோன் எடுத்து அனுப்பலாமா?

எடுக்காதீர்கள். அந்த செட்டிலேயே கடைசியாகச் சாகிற சாமான் பேனல்தான். ஏஜென்ட் முதலில் கை வைப்பதும் அதில்தான்.

எனக்கு ஊர் கீழக்கரை. இங்கே வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. 2021-ல் லீவில் போனபோது இதே மாதிரி ஒருவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, "டெக்னாலஜி ரொம்ப மாறிப்போச்சு காக்கா" (எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம்) என்றார். எட்டு 250 வாட் பேனலை இறக்கி, நாலு 540 வாட் பேனலை ஏற்றினோம். கணக்குப் போட்டுப் பாருங்கள், அதுவும் 2 கிலோவாட்தான், இதுவும் 2 கிலோவாட் சொச்சம்தான். எனக்குக் கிடைத்த லாபம், மாடியில் ஒரு கட்டில் போடுகிற இடம். இடம் போதவில்லை என்று வீட்டில் யாரும் அழவில்லை. இறக்கிய எட்டையும் மச்சான் தன் தென்னந்தோப்பு மோட்டாருக்கு மாட்டிக்கொண்டார். இன்றைக்கும் ஓடுகிறது. போன லீவில் அதன் நிழலில் நின்று இளநீர் குடித்தேன், வயிறு எரிந்தது.

அதைவிடக் கொடுமை ஸ்டாண்ட். புதுப் பேனல் ஏழரை அடி நீளம், பழைய ஸ்டாண்டில் உட்காராது. சாதா இரும்பை வெல்டிங் வைத்து, சில்வர் பெயின்ட் அடித்து நிறுத்திவிட்டுப் போனார்கள். மூன்றே வருஷத்தில் காலடியில் துரு பொரிந்து, தட்டினால் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. கச்சான் காற்று அடிக்கிற ராத்திரியில் மாடியில் கடகடவென்று சத்தம் கேட்கிறது என்று வீட்டிலிருந்து போன் வரும். இங்கே படுத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். 2012, 2013-ல் ஊரில் நாளுக்குப் பத்து மணி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்தது நினைவிருக்கும். நீங்கள் பள்ளிக்கூடம் போன வயது. அப்போது சோலார் வாங்கியவர்கள் மின்வெட்டுக்காக வாங்கினார்கள். அதனால்தான் பேட்டரியோடு போட்டார்கள். இப்போது வெட்டு குறைந்துவிட்டது. பேட்டரி மதியத்துக்குள் நிரம்பிவிடும், அதற்குமேல் வருகிற வெயில் வீண். நோய் மாறிவிட்டது, மருந்து மட்டும் பழசு.

பேனல் வருஷத்துக்கு அரை சதவீதம் போல வலு இழக்கும். பன்னிரண்டு வருஷத்தில் ஆறேழு சதவீதம் என்று வையுங்கள். நம் பக்கத்து வெயிலுக்கு ஒரு கிலோவாட் நாளுக்கு நாலு யூனிட் கொடுக்கும். 2 கிலோவாட் என்றால் எட்டு யூனிட். அதில் அரை யூனிட் குறைந்ததற்கு வாப்பா "முன்ன மாதிரி வரல" என்று சொல்லமாட்டார். அவர் சொல்கிற அளவுக்குக் குறைந்திருந்தால் காரணம் வேறு.

முதல் சந்தேகம் உப்பு. கடலிலிருந்து உங்கள் வீடு கூப்பிடு தூரம். காலையில் வாப்பாவை மாடிக்குப் போய், பேனல் கண்ணாடியை விரலால் தடவி நாக்கில் வைக்கச் சொல்லுங்கள். கரித்தால் அதுதான் பாதி நோய். அதன்மேல் புழுதி, காக்கை எச்சம். கழுவுகிறேன் என்று போர் தண்ணீரை ஊற்றவே கூடாது. அதுவும் உப்புதான், காய்ந்ததும் வெள்ளைப் படலம் கட்டும். குழாயில் வருகிற காவிரித் தண்ணீரோ, தொட்டியில் பிடித்த மழைத்தண்ணீரோ எடுத்து, வெயில் ஏறுவதற்குள் மெத்தென்ற துணியால் துடைக்க வேண்டும். மதியம் கொதிக்கிற கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடலாம். நம்ம மாவட்டத்துக் கமுதியில் 2016-ல் தொடங்கிய 648 மெகாவாட் சோலார் பண்ணையில் இதற்கென்று ரோபோ வைத்திருக்கிறார்கள். வாப்பாவை ஏணியில் ஏற்றாதீர்கள், தேங்காய் பறிக்க வருகிற ஆளுக்கு மாசம் ஏதாவது கொடுத்தால் துடைத்துவிட்டுப் போவார்.

அடுத்தது பேனல் கம்பிகளை இணைக்கிற கனெக்டர். உப்புக்காற்று ஏறினால் செம்புக் கம்பியில் பச்சையாகக் களிம்பு பூக்கும், அந்த இடம் சூடாகும். இன்வெர்ட்டரோடு, பேனலிலிருந்து வருகிற லைனின் சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும். வெயிலில் ஓடும்போது பிடுங்கினால் பொறி பறக்கும். விவரம் தெரிந்த எலக்ட்ரீஷியனை விட்டு ஒவ்வொரு பேனலின் வோல்டேஜையும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல 250 வாட் பேனல் லோடு இல்லாமல் 36, 37 வோல்ட் காட்டும். ஒன்று மட்டும் 24-ல் நின்றால் அதன் பின்பக்க டப்பாவில் டயோடு போயிருக்கும். சில்லறைச் செலவு. சுவரோரம் வளர்ந்த முருங்கை நிழல் ஒரு பேனலில் விழுந்தாலும் அந்த வரிசை முழுக்க இறங்கும். கிளையை வெட்டினால் போதும்.

அப்புறம் பேட்டரி. ஐந்தாறு வருஷத்துக்கு மேல் போனதென்றால் அது இருந்தும் இல்லாத கணக்கு. பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கிற பழைய சார்ஜ் கன்ட்ரோலரும் பேனல் தருவதை முழுசாக வாங்கத் தெரியாத வகையாக இருக்கும். பணம் போட வேண்டிய இடம் இங்கேதான். பழைய இன்வெர்ட்டரை எடுத்துவிட்டு, கரண்ட் கம்பியோடு சேர்ந்து ஓடுகிற இன்வெர்ட்டர் போட்டு, மின்வாரியத்தில் நெட் மீட்டருக்கு எழுதிக் கொடுத்தால் பகலில் மிஞ்சுவது வெளியே போய் பில்லில் கழியும். ஒன்றை மட்டும் வாப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: பேட்டரி இல்லாத அந்த வகை, கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை பார்க்கிறவர் உயிருக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். இல்லையென்றால் "நல்ல வெயில் அடிக்குது, ஃபேன் ஓடல" என்று உங்களுக்குத்தான் போன் வரும். பில்லும் கழிய வேண்டும், கரண்ட் போனாலும் ஓட வேண்டும் என்றால் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் சின்ன லித்தியம் பேட்டரியும்.

5 கிலோவாட் கதைக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய பில்லில் இரண்டு மாசத்துக்கு 350 யூனிட். அந்த பில்லில் முதல் 100 இலவசம். மீதி 250-க்கு யூனிட் ஐந்து ரூபாய்க்கும் குறைவு, மொத்தம் ஆயிரம் ரூபாய்க்குள்தான். 5 கிலோவாட் இரண்டு மாசத்தில் 1,200 யூனிட் தரும். வாப்பாவும் உம்மாவும் மட்டும் இருக்கிற வீட்டில் அதை யார் தின்பது? மானியம் உண்டு என்று ஏஜென்ட் சொல்லியிருப்பார். 2024-ல் வந்த பிஎம் சூர்யா கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய். 5 போட்டாலும் அதே 78,000-தான். அந்தத் திட்டத்தில் ஏற்கெனவே சோலார் மானியம் வாங்கிய வீட்டுக்கு இடமில்லை என்பது விதி. 2013-ல் வாப்பா வாங்கினாரா என்று முதலில் கேளுங்கள்.

நாளைக்கு உங்கள் நிக்காஹ் முடிந்து, மாடியில் அறை எடுத்து, ரெண்டு ஏசி ஓடி, பில் 500 யூனிட்டைத் தாண்டினால் ரேட் எகிறும். அப்போது கூடுதலாகப் போடுவதில் அர்த்தம் உண்டு. அப்போதும் பழசைக் கழற்ற வேண்டாம். புதுசைத் தனி வரிசையாக, தனி இன்வெர்ட்டரில் போடுங்கள். ஒரே வரிசையில் கோர்த்தால் நொண்டி மாட்டோடு பூட்டிய காளை மாதிரி, புதுசும் பழசின் வேகத்துக்கே நடக்கும். ஸ்டாண்ட் ஹாட் டிப் கால்வனைசிங் (உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுப்பது) செய்த இரும்பாகவோ அலுமினியமாகவோ இருக்கட்டும், போல்ட் நட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.

கண்ணாடி உடைந்த பேனல், பின்பக்கம் கருகிய பேனல் இருந்தால் அதை மட்டும் உடனே கழற்றுங்கள்.

லோனைப் பற்றி ஒரு வார்த்தை. ஏஜென்ட் வாப்பாவிடம் "பையன்தான் துபாய்ல இருக்கானே" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இங்கே வாடகை வீட்டில் இருக்கிற நமக்கெல்லாம் வீட்டு ஆசை முழுக்க ஊர் மொட்டைமாடி மேல்தான்; அது அவர்களுக்கும் தெரியும். நீங்கள் இன்னும் புரொபேஷனே முடிக்கவில்லை. வேலை போனால் லோன் போகாது. வாப்பாவுக்கு "முடியாது" என்று சொல்லச் சங்கடமாக இருந்தால், "கீழக்கரை காக்கா ஒருத்தர் பார்த்துட்டுச் சொல்றேன்னிருக்கார்" என்று என் மேல் போடுங்கள்.

இந்த வெள்ளிக்கிழமை வாப்பாவிடம் ரெண்டு போட்டோ கேளுங்கள். பேனலின் பின்பக்க ஸ்டிக்கர் ஒன்று, ஸ்டாண்டின் கால் தரையைத் தொடுகிற இடம் ஒன்று. எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.