வீல் போல்ட்டா, ஸ்டட்டா? பழைய வேன்காரர்கள் கேட்டவை

வண்ணாரப்பேட்டையில் பல வருடங்களாக வேன் பழுது பார்க்கிறேன். பழைய வேன்களின் சக்கரம் மாட்டுவது பற்றிக் கேளுங்கள் என்றேன். வந்தவற்றில் பாதி முதல் கேள்விதான். போல்ட் என்பது சக்கரத்தின் வழியாக ஹப்புக்குள் (சக்கரம் உட்காரும் நடுப்பகுதி) திருகுவது; ஸ்டட் என்பது ஹப்பிலேயே நிலையாக நிற்கும் மரைத்தண்டு, அதன் மேல் நட்டு ஏறும்.

ராயபுரம்: அண்ணா, என் வேனில் ஹப்புக்குள் போல்ட் திருகும் வகை. ஸ்டட்டாக மாற்றினால் பலம் கூடுமா?

பலத்துக்காக மாற்றாதீர்கள். இரண்டும் செய்யும் வேலை ஒன்றே: ரிம்மை ஹப்போடு இறுக்கிப் பிடிப்பது. அந்த இறுக்கத்தில் பிறக்கும் உராய்வுதான் பாரத்தைச் சுமக்கிறது. தளர்ந்தால்தான் பாரம் தண்டின் மேல் விழும். அப்புறம் ஒடிய அதிக நாள் ஆகாது.

ஸ்டட்டின் லாபம் வேறு. எண்ணூர் நெடுஞ்சாலையில் ராத்திரி பஞ்சர் ஆகிறது, கன்டெய்னர் லாரிகள் முதுகை உரசிப் போகின்றன. ஸ்டட் இருந்தால் சக்கரத்தைத் தூக்கி மாட்டிவிட்டு நிதானமாக நட்டைத் தேடலாம். போல்ட் என்றால் காலால் சக்கரத்தை முட்டுக்கொடுத்து, ஓட்டையோடு ஓட்டையை நேர்பார்க்க வேண்டும். தவிர, அடிக்கடி கழற்றி மாட்டும்போது ஹப்பின் மரை தேயாது.

மாற்றுவதானால் ஹப்பின் மரையை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, மரைப்பசை (மரை தானே கழலாமல் பிடிக்கும் பசை) போட்டுத் திருகி, ஒரு நாள் காயவிடுங்கள். ஸ்டட் தன் விட்டம் அளவாவது உள்ளே இறங்க வேண்டும், 12 மி.மீ. ஸ்டட்டுக்கு 12 மி.மீ. பின்பக்கம் நீட்டிக்கொண்டு பிரேக்கில் உரசுகிறதா என்று கையால் சுற்றிப் பார்க்காமல் ஓட்டாதீர்கள்.

காசிமேடு: மீன் ஏற்றும் ஓம்னி. ஐஸ் தண்ணீர் ஒழுகி நட்டெல்லாம் துருப்பிடிக்கிறது. கிரீஸ் தடவலாமா?

மரையில் வேண்டாம். வழுக்கும் மரையில் அதே முறுக்குக்கு ஸ்டட் கூடுதலாக இழுபடும். நானும் ஒரு காலத்தில் தாராளமாகப் பூசியவன்தான். ஒரு ஸ்டட் பானாவோடு கையில் வந்த பிறகு விட்டுவிட்டேன். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் போதும். சக்கரம் ஹப்போடு ஒட்டிக்கொள்ளும் நடுவட்டத்தில் மட்டும் மெல்லிசாகத் தடவுங்கள்.

வியாசர்பாடி: பழைய நட்டுகளோடே அலாய் வீல் மாட்டினேன். மணலி போய்த் திரும்புவதற்குள் தளர்ந்துவிட்டன.

நட்டு உட்காரும் இடத்தைப் பார்த்தீர்களா, தம்பி? சில நட்டுகளின் முகம் கூம்பு, சிலவற்றுக்கு உருண்டை. உருண்டைக் குழியில் கூம்பு நட்டைப் போட்டால் மெல்லிய கோடாக மட்டுமே தொடும். இறுகியதுபோல் தெரியும், நாலு பள்ளத்தில் தளரும். நட்டின் முகத்தில் மார்க்கர் மை பூசி மாட்டிக் கழற்றுங்கள். மை அகலப் பட்டையாக அழிந்திருந்தால் பொருத்தம். கோடாக அழிந்திருந்தால் அந்த நட்டைத் தூக்கிப் போடுங்கள்.

அலாய் தடிமன் என்பதால் சுற்றுகளையும் எண்ணுங்கள். ஓம்னியின் ஸ்டட்டில் மரை இடைவெளி 1.25 மி.மீ.; பத்துச் சுற்றாவது ஏற வேண்டும். ஐந்தில் நின்றால் நீளமான ஸ்டட் தேவை. குழிக்குள் பெயின்ட் இருந்தாலும் சுரண்டிவிடுங்கள், அது நசுங்கினால் பிடி போய்விடும். எந்தச் சக்கரம் மாட்டினாலும் 50 கி.மீ. ஓட்டிவிட்டு மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

திருவொற்றியூர்: பானா மேல் ஏறி நின்று இறுக்குவதுதான் எங்கள் வழக்கம். தவறா?

கணக்குப் போடுங்கள். 80 கிலோ ஆள் 30 செ.மீ. பானாவின் நுனியில் நின்றால் ஏறத்தாழ 235 நியூட்டன் மீட்டர் முறுக்கு. 12 மி.மீ. நட்டுகள் பெரும்பாலும் கேட்பது அதில் பாதிகூட இல்லை. முதலில் விரலால் திருகி, எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கி, ஜாக்கியை இறக்கிய பிறகு வண்டிக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச் (முறுக்கை அளந்து இறுக்கும் பானா) போடுங்கள். சும்மா மிதிப்பவருக்கு மரை போகும், அல்லது பிரேக் டிரம் கோணும்.

மூலக்கொத்தளம்: மாமாவின் பழைய ஜீப். இடப்பக்க நட்டு அசையவே இல்லை.

ஸ்டட் நுனியில் ‘எல்’ எழுத்து இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது இடது மரை, வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருகினால்தான் கழலும். நீங்கள் இவ்வளவு நேரம் இறுக்கிக்கொண்டிருந்தீர்கள்.

தண்டையார்பேட்டை: ஓம்னியில் ஒரு ஸ்டட் ஒடிந்துவிட்டது. காலையில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்ற வேண்டும், மூன்றில் ஓட்டலாமா?

கூடாது. வேறு வண்டிக்குச் சொல்லிவிடுங்கள். ஒன்று ஒடியும் முன் மற்ற மூன்றும் அதன் பங்கையும் சுமந்திருக்கும். ஆகவே நான்கையும் மாற்றச் சொல்லுங்கள்.