18601116: காரணிகள் 24-ஆ, 36-ஆ?

கேள்வி: டர்பன், சாட்ஸ்வொர்த்தில் வார இறுதித் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று இங்கு வந்து சேர்ந்த நாளை ஒட்டி, பிள்ளைகளுக்காக 18601116 என்ற எண்ணில் ஒரு கணக்குப் புதிர் போட்டேன். எனக்கு 24 காரணிகள் வருகின்றன. கம்ப்யூட்டர் 36 என்கிறது. பெருக்கிப் பார்த்தால் என் பகுப்பு சரியாகத்தான் இருக்கிறது. எங்கே பிசகு?

பதில்: 36தான் சரி. நீங்கள் 2² × 3 × 31 × 50003 என்று நிறுத்தியிருப்பீர்கள். பெருக்கினால் 18601116 வரத்தான் செய்யும். ஆனால் 50003 பகா எண்தானா என்பதைப் பெருக்கல் காட்டிக்கொடுக்காது. சிக்கல் அங்கேதான்.

முதலிலிருந்து போட்டுப் பாருங்கள். கடைசி இரு இலக்கங்கள் 16, எனவே 4-ஆல் வகுபடும்: 4650279. இதன் இலக்கங்களின் கூடுதல் 33, எனவே 3-ஆலும் வகுபடும்: 1550093. இனி 7, 11, 13 மூன்றையும் ஒரே வீச்சில் பார்த்துவிடலாம், ஏனென்றால் 7 × 11 × 13 = 1001. வலமிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரித்து, மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்டுங்கள்: 93 − 550 + 1 = −456. இந்த 456 மூன்றில் எதனாலும் வகுபடாது, ஆகவே 1550093-உம் வகுபடாது. 17, 19, 23, 29-க்கு மீதி முறையே 16, 16, 8, 14. அடுத்து 31: மீதியில்லாமல் 50003 கிடைக்கிறது.

இந்த இடத்தில்தான் பலரும் நேரே 37-க்குத் தாவிவிடுகிறார்கள். 50003-இன் வர்க்கமூலம் 223-க்குச் சற்று மேல். 37 முதல் 223 வரை உள்ள 37 பகா எண்களில் ஒன்றுகூட இதை வகுக்காது. அத்தனையும் பார்த்து முடித்தவர் இது பகா எண் என்றுதான் எழுதுவார். அவ்வளவு உழைப்பும் வீண். 7 போன்ற சிறிய எண்களை மறுபடி பார்க்கத் தேவையில்லை. அவை 1550093-ஐயே வகுக்கவில்லை. ஆனால் வகுத்த எண்ணையே மறுபடி போட்டுப் பார்த்தாக வேண்டும்: 50003 = 31 × 1613. மூன்றாம் முறை 31 போடும்போது மீதி 1. 1613-இன் வர்க்கமூலம் 40-ஐச் சற்றே தாண்டுவதால் 37-ஐயும் பார்த்தால் போதும், மீதி 22. ஆக 1613 பகா எண்.

18601116 = 2² × 3 × 31² × 1613

அடுக்குகளோடு 1 கூட்டிப் பெருக்கினால் 3 × 2 × 3 × 2 = 36. உங்களுக்கு 31-இன் அடுக்கு 1 என்று நின்றதால் 3 × 2 × 2 × 2 = 24 ஆகிவிட்டது.

புதிரில் ஆண்டு-மாதம்-நாள் வரிசை என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நாளை முன்னால் வைத்து 16111860 என்று எழுதும் பிள்ளைக்கு 5-உம் காரணியாக வந்துவிடும்.

பெரிய பிள்ளைகளுக்கு இன்னொன்றும் கேட்கலாம்: இந்த எண்ணை இரு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியுமா? முடியாது. எந்த வர்க்கத்தை 3-ஆல் வகுத்தாலும் மீதி 0 அல்லது 1. இரண்டின் கூடுதல் 3-ஆல் வகுபட வேண்டுமானால் இரண்டு மீதியும் 0 ஆக வேண்டும். அப்போது இரண்டுமே 9-ஆல் வகுபடும், கூடுதலும் வகுபடும். 18601116-இன் இலக்கங்களின் கூடுதலோ 24; 9-ஆல் வகுபடாது.