எல்கேஜி மிஸ்ஸாகப் போகும் மகளுக்கு

அன்புள்ள அம்மா,

மகளுக்குப் பாளையங்கோட்டையில் ஒரு கிறிஸ்தவப் பள்ளியில் எல்கேஜி டீச்சர் வேலை கிடைத்திருக்கிறது, ஜூனில் சேர வேண்டும், சம்பளம் 9,000 ரூபாய் என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் முக்கால் பங்கு ஜெபத்தைப் பற்றித்தான். நாங்கள் கோயிலுக்குப் போகிற குடும்பம், அங்கே ஜெபம் பண்ணச் சொல்வார்களா, பொட்டு வைக்க விடுவார்களா, நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? சம்பளத்துக்கு ஒரே வரி. அப்பாயின்ட்மென்ட் ஆர்டரைப் பற்றி ஒன்றுமே இல்லை. என் கவலை அங்கேதான்.

சரி, ஜெபத்தை முதலில் பேசிவிடலாம். காலை அசெம்பிளியில் ஒன்று, சாப்பாட்டுக்கு முன் ஒரு சின்னப் பாட்டு, மணி அடிக்கும் முன் ஒன்று. எல்லாம் சேர்த்தாலும் பெரும்பாலும் கால் மணி நேரம்தான். எல்கேஜி பிள்ளைகள் கைகூப்பி, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் டிபன் பாக்ஸைப் பார்த்துக்கொண்டு பாடுவதை ஒருமுறை பார்த்தால் உங்கள் பயம் பாதி போய்விடும்.

சேரும் முன்பே உங்கள் மகள் தாளாளரிடம் நேராகக் கேட்கட்டும்: "ஜெபம் நடக்கும்போது பிள்ளைகளோடு மரியாதையாக நிற்பேன். நானே முன்னின்று சொல்ல வேண்டியிருக்குமா?" பல பள்ளிகளில் அதைக் கிறிஸ்தவ ஆசிரியை ஒருவர் பார்த்துக்கொள்வார். பொட்டு, பூ, சேலை பற்றியும் அப்போதே கேட்டுவிடலாம். பள்ளி நேரத்துக்கு வெளியே ஜெபக்கூட்டத்துக்குக் கூப்பிட்டால், "வீட்டில் வேலை இருக்கிறது சிஸ்டர்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம்.

சிஸ்டர் என்றதும் இன்னொன்று. பள்ளி கத்தோலிக்க சபையுடையதா, சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபையுடையதா என்று தெரிந்துகொண்டு போகட்டும். கத்தோலிக்கர்களுக்கு 'ஆயர்' என்றால் மறைமாவட்டத்துக்கே தலைவர். சி.எஸ்.ஐ.யில் 'ஆயர்' சபையை நடத்தும் போதகர், தலைவர் அங்கே 'பேராயர்'. முதல் வாரத்தில் இதை மாற்றிச் சொல்லி நாக்கைக் கடித்துக்கொண்ட பெண்களை எனக்குத் தெரியும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சிறுபான்மையினர் தங்கள் கல்வி நிறுவனங்களைத் தாங்களே நிர்வகிக்கும் உரிமையை அரசியலமைப்பின் 30ஆவது பிரிவு தருகிறது. தலைமைப் பொறுப்புக்குத் தங்களுக்கு ஏற்ற ஆளைத் தேர்ந்தெடுப்பதும் அதில் அடங்கும் என்று நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. இருபது வருடம் உழைத்தால் ஹெச்.எம். ஆகிவிடலாம் என்ற கணக்கோடு அங்கே போக வேண்டாம்.

இப்போது ஆர்டர். "எய்டெட் ஸ்கூல், பின்னாடி கவர்மென்ட் சம்பளம் வந்துவிடும்" என்று உங்கள் மைத்துனர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் பாதிதான் சரி. பள்ளி அரசு உதவி பெறுவதாகவே இருக்கட்டும், அந்த உதவி ஒன்றாம் வகுப்பிலிருந்துதான். எல்கேஜி, யுகேஜி நிர்வாகம் தன் செலவில் நடத்துவது. சம்பளம் பிள்ளைகள் கட்டும் ஃபீஸிலிருந்து வருகிறது. உங்கள் மகள் 'மேனேஜ்மென்ட் ஸ்டாஃப்'. அடுத்த அறையில் இரண்டாம் வகுப்பு எடுப்பவர் அரசுச் சம்பளம் வாங்கலாம், இவளுக்கு வராது. காத்திருந்தாலும் வராது.

ஆகவே வேலைக்கு எழுத்தில் ஆர்டர் வேண்டும். எந்தத் தேதியிலிருந்து, எந்தப் பதவி, எவ்வளவு சம்பளம், விலகினால் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று அதில் இருக்க வேண்டும். மே மாதச் சம்பளம் உண்டா என்று வாய்விட்டுக் கேளுங்கள். பத்து மாதச் சம்பளத்தைப் பன்னிரண்டு மாதச் சம்பளம் என்று நினைத்து வீட்டுக் கணக்குப் போட்டு, மே மாதம் முழித்தவர்கள் உண்டு. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் என்றால் பி.எஃப்., அதாவது வருங்கால வைப்பு நிதி உண்டு. அடிப்படைச் சம்பளமே 9,000 என்றால் 12 சதவீதமாக 1,080 ரூபாய் பிடிப்பார்கள், நிர்வாகமும் அதே அளவு போட வேண்டும். பிடித்தம் இருந்தால் யு.ஏ.என். என்கிற பி.எஃப். அடையாள எண்ணைக் கேட்டு வாங்கி, பணம் ஏறுகிறதா என்று போனிலேயே பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒரிஜினல் சர்டிபிகேட். காட்டலாம், ஜெராக்ஸ் கொடுக்கலாம், பள்ளி பீரோவில் வைத்துக்கொள்ளக் கொடுக்காதீர்கள். என்னிடம் வந்த ஒரு பெண் நல்ல வேலை கிடைத்தும் சேர முடியாமல், "வருஷம் முடியட்டும்" என்ற பதிலோடு நான்கு மாதம் அலைந்தாள்.

மகளிடம் இருப்பது பி.எஸ்.சி.யும் ஒரு வருட மாண்டிசோரி டிப்ளமோவும். அந்தக் குழந்தைக் கல்வி முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். அவர் பெயருக்கு நம் ஊரில் மதிப்பு அதிகம், அதனால் யார் வேண்டுமானாலும் அதைப் பலகையில் எழுதிவிடுகிறார்கள். ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழு, அதாவது என்.சி.டி.இ., வகுத்திருக்கும் மழலையர் கல்விப் பட்டயப் படிப்பு இரண்டு வருடம். மகளின் ஒரு வருட டிப்ளமோ இந்த வேலைக்குப் போதும், அரசு வேலைக்கு ஆகாது. ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் எடுக்கும் ஆசை இருந்தால் தொடக்கக் கல்விப் பட்டயமும் டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளும் வேண்டும். "பி.எட். போட்டால் எல்லாவற்றுக்கும் ஆகும்" என்பார்கள். அந்த வகுப்புகளுக்கு பி.எட். தகுதியாகாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பணத்தைக் கட்டும் முன் யோசியுங்கள்.

இனி உங்கள் மகளுக்கு நேராகவே சொல்கிறேன்.

முதல் இரண்டு வாரம் பாடம் நடக்காதும்மா. ஒரு பிள்ளை தண்ணீர் பாட்டிலைக் கட்டிக்கொண்டு "அம்மாகிட்ட போகணும்" என்று ஆரம்பித்தால், ஐந்து நிமிடத்தில் வகுப்பே அழும். ஜன்னல் கம்பிக்கு வெளியே அந்த அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பார். அவரிடம் போய்ச் சொல்: "டாட்டா சொல்லிட்டுக் கிளம்புங்க, நைசாக நழுவ வேண்டாம்." காணாமல் போன அம்மாவைத் தேடுகிற பிள்ளைதான் நாள் முழுக்க அழும். உன் துப்பட்டா முனையைப் பிடித்துக்கொண்டு ஒன்று சுற்றிச்சுற்றி வரும். நடுவில் உன்னை "அம்மா" என்று கூப்பிட்டுவிட்டு அதுவே வெட்கப்படும். விடு, பிடித்துக்கொள்ளட்டும்.

தொண்டையைப் பார்த்துக்கொள். கத்தினால் ஜூலைக்குள் குரல் போய்விடும். கைதட்டு, பிள்ளைகள் திருப்பித் தட்டுவார்கள், வகுப்பு அடங்கும். ஸ்டாண்டிங் லைன், ஸ்லீப்பிங் லைன் எழுதுவதற்கே களிமண் உருட்டியும் பேப்பர் கிழித்தும் மணி கோத்தும் விரல் பழக வேண்டும். "இன்னும் ஏ, பி, சி எழுதலையா மிஸ்?" என்று கேட்கிற அப்பாக்களிடம் இதையே பொறுமையாகச் சொல். டவுசரை நனைத்த பிள்ளைக்கு ஆயா கூட இருக்கும்போதே உடை மாற்று, கதவைச் சாத்தாதே. சாயங்காலம் பள்ளி கொடுத்த அட்டையைக் காட்டுகிறவரிடம்தான் பிள்ளையை விட வேண்டும், "நான் சித்தப்பா" என்று வருகிறவர் எவ்வளவு சிரித்தாலும் சரி. யாரோ பிள்ளையிடம் தப்பாக நடந்துகொண்டதாகத் தெரிந்தால் மூடி மறைக்காதே. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது உன் கடமை, குழந்தைகள் உதவி எண் 1098ம் கையில் இருக்கட்டும். பிள்ளைகளின் போட்டோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதே.

டிசம்பரில் கிறிஸ்துமஸ் குடில் கட்டுவார்கள், உன் வகுப்பிலிருந்து பத்துத் தேவதைகள் வேண்டும் என்பார்கள். சிறகு தைப்பது உன் தலையில்தான் விழும். அம்மாவிடம் பழைய ஜரிகைச் சேலை ஒன்று எடுத்து வைக்கச் சொல்.

அம்மா, ஆர்டர் கைக்கு வந்ததும் ஒரு நகல் எனக்கு அனுப்புங்கள், நானும் படித்துப் பார்க்கிறேன். அது வரும்வரை இப்போது போய்க்கொண்டிருக்கும் டியூஷன் சென்டரை விட்டு நிற்க வேண்டாம்.