பட்டறைப் பக்கம்: பெரிய குழாயா, குளுந்த காத்தா?

கேள்வி: அண்ணே, ஏங்கிட்ட 1.2 லிட்டர் பெட்ரோல் ஸ்விஃப்ட் இருக்கு. ஏர் ஃபில்டர் டப்பாவுக்குள்ள போற குழாய் ரொம்ப ஒடுக்கமா இருக்கு, அளந்து பாத்தேன், உள்விட்டம் 60 மி.மீ தான் வருது. அத கழட்டிட்டு 75 மி.மீ குழாய் போட்டா பிக்கப் நல்லா கூடும்னு கூட்டாளி சொல்றான். போடலாமா, என்ன குழாய் வாங்குறது?
- திருமங்கலம் வாசகர்

பதில்: தம்பி, குழாய் வாங்குறதுக்கு முன்னாடி ஹார்டுவேர் கடைக்கு போயி, கொத்தனாருங்க மட்டம் பாக்குற லெவல் டியூப் இருக்குல்ல, அதுல ஒரு நாலு மீட்டர் வாங்கிட்டு வாங்க. ஏன்னு பின்னாடி சொல்றேன்.

மொதல்ல கணக்கு. உங்க எஞ்சின் 6,000 ஆர்பிஎம்ல ஃபுல்லா மிதிச்சா நிமிஷத்துக்கு சுமாரா 3,000 லிட்டர் காத்து குடிக்கும், அதாவது செகண்டுக்கு 50 லிட்டர், ஒரு செகண்டுல மூணு குடத்துக்கு மேல. இது 60 மி.மீ குழாய்ல போகும்போது காத்தோட வேகம் மணிக்கு 64 கி.மீ கிட்ட வரும், 75 மி.மீ போட்டா 41க்கு எறங்கிரும். கேக்க பெரிய வித்தியாசமா தெரியுது, ஆனா இதனால மிச்சமாகுற அழுத்தம் எம்புட்டுன்னா, வளைவு நெளிவு எல்லாத்தையும் சேத்து ரெண்டு மூணு செ.மீ தண்ணி ஒசரம், அம்புட்டுத்தான். வெளிய இருக்குற காத்தழுத்தம் மொத்தம் 10.3 மீட்டர் தண்ணி, அப்ப 10 செ.மீ தண்ணின்னா 1 சதவீதம், 3 செ.மீ ன்னா 0.3 சதவீதம். 80 சில்லறை குதிரை சக்தி வண்டியில கால் குதிரை. உங்க கூட்டாளி பின்சீட்டுல இருந்து எறங்கிட்டாலே அதவிட நல்லா இழுக்கும்.

இதே வண்டியில சூட்ட கவனிங்க. காத்து 3 டிகிரி சூடாச்சுன்னா அடர்த்தி சுமாரா 1 சதவீதம் கொறையும். போன சித்திரையில மத்தியானம் காரோட சென்சார் அளவ மொபைல்ல காட்டுற ஓபிடி டாங்கிள மாட்டிட்டு மதுரை கோரிப்பாளையம் சிக்னல்ல நின்னேன், வெளிய 39 டிகிரி, உள்ள போற காத்து 68 காட்டுச்சு. அங்கிட்டு நத்தம் ரோடு பறக்கும் பாலத்துல ஏறி ஒரே சீரா போனேன், 7.3 கி.மீ க்கு சிக்னலே இல்லையா, ரெண்டு மூணு நிமிஷத்துல 45க்கு எறங்கிருச்சு. 23 டிகிரி, அடர்த்தியில ஏழு சதவீதம்! எங்க 0.3, எங்க ஏழு. அதனால குழாய் எம்புட்டு அகலம்ங்கிறத விட அது எந்த எடத்து காத்த குடிக்குதுங்கிறதுதான் விஷயம். ரேடியேட்டருக்கு பின்னாடி வாய வச்சுக்கிட்டு நாலு இஞ்ச் குழாய் போட்டாலும் அனலத்தான் குடிக்கும்.

இப்ப லெவல் டியூப். உங்க குழாய் உண்மையிலேயே எஞ்சின் மூச்ச புடிக்குதான்னு அளந்துட்டு செலவு பண்ணுங்க. ஃபில்டர் டப்பாவுல ஃபில்டருக்கு முன்பக்கம், அதாவது அழுக்கு காத்து வர்ற பக்கம், டியூப் டைட்டா நுழையிற அளவுக்கு ஒரு சின்ன ஓட்ட போட்டு டியூப் முனைய சொருகுங்க. மறுமுனைய ஜன்னல் வழியா காருக்குள்ள கொண்டு வந்து, ஒரு நீள அட்டையில யு மாதிரி வளச்சு டேப் போட்டு ஒட்டுங்க, ரெண்டு கையும் அர மீட்டர் ஒசரம் இருக்கட்டும். பாதி வரைக்கும் தண்ணி ஊத்தி ரெண்டு சொட்டு துணிக்கு போடுற சொட்டு நீலம் விட்டா நல்லா தெரியும். காலியான ரோட்டுல ரெண்டாவது கியர்ல ஃபுல்லா மிதிங்க, பக்கத்து சீட்டுல ஒருத்தர் மொபைல்ல வீடியோ எடுக்கட்டும், ஓட்டுறவர் அட்டைய பாக்கவே கூடாது. ரெண்டு பக்க தண்ணிக்கும் நடுவுல 5 செ.மீ க்கு கீழ வித்தியாசம் வந்தா கம்பெனி குழாய தொடாதீங்க, மாத்தி ஒண்ணும் கெடைக்காது. 15, 20 வந்தா தாராளமா மாத்துங்க. ஒரே ஒரு எச்சரிக்கை, டியூப த்ராட்டிலுக்கு, அதாவது ஆக்சிலேட்டர மிதிச்சா தெறக்குற காத்துக் கதவுக்கு, அந்தாண்ட எஞ்சின் பக்கம் மட்டும் சொருகிராதீங்க, அங்க ஐடில்லயே ஆறேழு மீட்டர் தண்ணிய இழுக்குற உறிஞ்சல் இருக்கும், நீலத்தண்ணி மொத்தமும் எஞ்சின் வயித்துக்குள்ள போயிரும். வேல முடிஞ்சதும் ஓட்டைய ரப்பர் அடைப்பு போட்டு மூடிருங்க.

மாத்தித்தான் ஆகணும்னா சாமான் விஷயத்துல ஏமாறாதீங்க. சமையல்கட்டு சிம்னிக்கு போடுற அலுமினியத்தாள் குழாய் மலிவா கெடைக்கும், நானே ஒரு தடவ என் பழைய வண்டிக்கு போட்டிருக்கேன், மூணு மாசத்துல மடிப்பு மடிப்பா கிழிஞ்சு ரேடியேட்டர் அனல குடிச்சுக்கிட்டு கெடந்துச்சு, நான் பாட்டுக்கு குளுந்த காத்து போகுதுன்னு நெனச்சு ஓட்டிக்கிட்டு இருந்தேன். வீட்டுக்கு போடுற பிவிசி பைப்பும் வேணாம், 80 டிகிரி கிட்ட வந்தா தொளதொளன்னு ஆயிரும். கம்பிச்சுருள் போட்ட ரப்பர் ஹோஸோ சிலிக்கான் ஹோஸோ வாங்குங்க, உள்பக்கம் எம்புட்டு வழவழப்பா இருக்கோ அம்புட்டு நல்லது. எஞ்சின் ஆடும் பாடி ஆடாது, அதனால நடுவுல எங்கயாச்சும் வளைஞ்சு குடுக்குற துண்டு ஒண்ணு இருக்கணும்.

அப்பறம் வாய். நாதஸ்வரத்துக்கு கீழ அணசு விரிஞ்சு இருக்குல்ல, குழாய் வாயும் அப்படி ஓரம் உருண்டு விரிஞ்சு இருக்கணும். பிளேடால நறுக்குன மாதிரி மொட்டையா விட்டா காத்து அந்த ஓரத்துல மோதி சுழிச்சு நிக்கும், குழாய பெருசாக்கி மிச்சம் புடிச்சதுல பாதிய வாசல்லயே விட்ருவீங்க. கம்பெனி குழாய்ல அந்த விரிஞ்ச வாய் பெரும்பாலும் இருக்கும், அத அறுத்து போட்டுட்டு புதுக்குழாய் மாட்டுறவங்கள பாத்தா எனக்கு வயித்தெரிச்சலா இருக்கும்.

பானெட்டு இடிக்குமான்னு பாக்க, பரோட்டா மாவு ஒரு உருண்டைய பாலித்தீன்ல சுத்தி குழாய் மேல வச்சு பானெட்ட பைய மூடி தெறந்து பாருங்க. மாவு ஒரு விரல் தடிமனாச்சும் மிஞ்சணும். மிஞ்சலேன்னா குழாய எறக்குங்க, மாவ சால்னாவுக்கு தேடாதீங்க.

கேள்வி: பம்பர்ல ஃபாக் லேம்ப் ஓட்ட சும்மாத்தான் இருக்கு, அதுல குழாய் வாய வச்சா வேகத்துல காத்து தானா அடிச்சு உள்ள போகும்ல? கிட்டத்தட்ட டர்போ மாதிரி?
- ஒத்தக்கடை வாசகர்

பதில்: நூறுல போனாலும் எதிர்க்காத்து குடுக்குற அழுத்தம் 5 செ.மீ தண்ணிகூட முழுசா வராது, அர சதவீதம். டர்போ கிட்ட அந்த பேச்சே எடுக்காதீங்க. அந்த அர சதவீதத்துக்காக எஞ்சினோட மூக்க கொண்டுபோய் முழங்காலுக்கு கீழ வைக்கிறீங்க. ஐப்பசி கார்த்திகையில மழை பெஞ்சா மணிநகரம் கர்டர் பாலத்துக்கு கீழ தண்ணி எப்படி நிக்கும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. காத்து நசுங்கும், தண்ணி நசுங்காது. சிலிண்டருக்குள்ள ஒரு டம்ளர் தண்ணி போனா பிஸ்டன் மேல வந்து முட்டி கனெக்டிங் ராடு வளைஞ்சுரும். பட்டறையில அப்படி வளைஞ்ச ராடு ஒண்ண ஆணியில தொங்க விட்டிருக்கேன், வர்றவங்க எல்லாம் என்ன இது வாழப்பழம் மாதிரி இருக்குன்னு கேப்பாங்க. எஞ்சினுக்குன்னு தனியா ஆட்-ஆன் போடலேன்னா இன்சூரன்ஸ்லயும் பெரும்பாலும் கைய விரிச்சுருவாங்க.

குளுந்த காத்து கிரில்லுக்கு மேல, ஹெட்லைட்டுக்கு பின்னாடியே கெடைக்கும். அங்க வைங்க, ரேடியேட்டர் பக்கத்துல இருந்து அனல் வராம நடுவுல ஒரு தகடோ ரப்பர் தடுப்போ போட்ருங்க. நான் பாத்த வரைக்கும் பெரிய குழாய் போட்டதவிட இந்த தடுப்பு போட்டதுக்குத்தான் டாங்கிள்ல நம்பர் எறங்கிருக்கு.

கேள்வி: ஏன் வண்டி டர்போ டீசல், டாக்ஸி ஓட்டுறேன். ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவுல மூணு இஞ்ச் பைப் போட்டா மைலேஜ் கூடுமா அண்ணே?
- உசிலம்பட்டி வாசகர்

பதில்: அந்தப் பக்கம் கைய வைக்காதீங்க. ஃபில்டர தாண்டினதும் குழாய்ல குட்டியா ஒரு சென்சார் இருக்கும், மாஃப் சென்சார்ம்பாங்க, எம்புட்டு காத்து போகுதுன்னு அதுதான் ஈசியூவுக்கு, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டருக்கு, சொல்லும். அது உக்காந்திருக்கிற குழாயோட விட்டத்த வச்சுத்தான் அந்த கணக்கே. குழாய பெருசாக்குனா காத்து மெதுவா போகும், சென்சார் கம்மி காத்துன்னு பொய் சொல்லும், ஈசியூ அத நம்பி டீசல கொறைக்கும், பொகையில கொஞ்சத்த திருப்பி எஞ்சினுக்குள்ள விடுற இஜிஆரும் கொழம்பும், கடைசியில செக் எஞ்சின் லைட்டோட எங்கிட்டத்தான் வருவீங்க. டர்போ வண்டியில காத்த அமுக்குறப்பவே அது நூறு டிகிரிக்கு மேல சூடாயிரும், அத தணிக்கத்தான் முன்னாடி இன்டர்கூலர் இருக்கு. அதோட ரெக்கையில அடைஞ்சிருக்கிற மண்ணையும் பூச்சியையும் கழுவுங்க, பிரஷர் பம்ப கிட்ட வச்சு அடிக்காம. மேலூர் பக்கம் குவாரி ரோட்டுல அடிக்கடி ட்ரிப் போனா பேப்பர் ஃபில்டர புக்குல சொல்லிருக்கிற கிலோமீட்டருக்கு முன்னாடியே மாத்திருங்க. எண்ணெய் தடவுன காட்டன் ஃபில்டர் வேணாம், எண்ணெய் கூடிப்போனா மாஃப் சென்சார்ல படிஞ்சிரும்.

கேள்வி: குழாய் மாத்துனா போலீஸ் ஃபைன் போடுவாங்களா?
- மேலூர் வாசகர்

பதில்: ஆர்சி புக்குல ஏறின விவரம் மாறுற மாதிரி வண்டிய மாத்தக்கூடாதுங்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு. 2019 திருத்தத்துல வந்த 182ஏ பிரிவுல, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாத்தத்துக்கும் ஓனருக்கு 5,000 ரூபா அபராதம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும்னு இருக்கு. ஃபில்டருக்கு முன்னாடி இருக்குற குழாய் ஆர்சில ஏறுற சாமான் இல்ல, ஆனா வாரண்டி இருக்குற வண்டின்னா சர்வீஸ் சென்டர்ல அத காட்டியே கிளைம தட்டி விடுவாங்க. கழட்டின கம்பெனி குழாய காயலாங்கடைக்கு போடாம பரண்ல போட்டு வைங்க.