வேலை மாறும் செவிலியர் நோயாளிகளையும் அழைத்துச் செல்லலாமா?

கேள்வி: கோவையில், இறுதிக்கட்டப் புற்றுநோயாளிகளை வீட்டுக்கே சென்று பராமரிக்கும் ஒரு தனியார் நிறுவனத்தில் ஆறு ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். இதே பணிக்கு வேறொரு நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. விலகிய பின் இரண்டு ஆண்டுகள் மாவட்டத்துக்குள் இந்தப் பணியைச் செய்யக் கூடாது, செய்தால் மூன்று லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று சேரும்போதே எழுதி வாங்கிவிட்டார்கள்; அசல் சான்றிதழ்களும் அவர்களிடம்தான் உள்ளன. நான் பார்த்துவரும் ஒரு தாயாரின் மகள், "நீங்க எங்க போனாலும் அம்மாவுக்கு நீங்கதான் வரணும் சிஸ்டர்" என்று அழுகிறார். எத்தனை நோயாளிகளை அழைத்து வருவீர்கள் என்று புதிய நிறுவனம் கேட்கிறது. சென்ற மாதம் இறந்தவர் ஒருவரின் வீட்டில் மிஞ்சிய மார்ஃபின் (கடும் வலியைத் தணிக்கும் போதை வகை மருந்து) மாத்திரைகளும் இன்னும் என் பையில் இருக்கின்றன. நான் என்ன செய்வது?

பதில்: உங்களை அதிகம் அச்சுறுத்தும் அந்த இரண்டாண்டுத் தடைதான் சட்டத்தின் முன் மிகவும் பலவீனமானது. ஒருவர் சட்டபூர்வமான தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவில் சட்டப்படி செல்லாதது என்று 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவு கூறுகிறது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் தொடர்பான வழக்கில் 2006இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமும், ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னரும் நீளும் இத்தகைய தடையை ஏற்கவில்லை. குறிப்பிட்ட ஆண்டுகள் பணியாற்றியே தீர வேண்டும் என்ற பாண்டு (உறுதிப் பத்திரம்) வேறு வகை. வங்கி ஊழியர் ஒருவர் மூன்று ஆண்டுகள் முடியும் முன்பே விலகியதால் செலுத்த நேர்ந்த இரண்டு லட்சம் ரூபாயை 2025இல் உச்ச நீதிமன்றம் சரியென்றே கூறியது. ஆறு ஆண்டுகள் பணியாற்றிவிட்ட உங்களிடம், உங்கள் கடிதத்தில் உள்ளபடி, அத்தகைய பாக்கி எதுவும் இல்லை. எனினும், முன்னறிவிப்புக் காலத்தை ஒரு நாள்கூடக் குறைக்காமல் பணியாற்றுங்கள். அதுவரை நீங்கள் அந்த நிறுவனத்தின் ஊழியர்தான், புதிய நிறுவனத்துக்காக ஒரு வார்த்தையும் பேசக் கூடாது.

சான்றிதழ்களைப் பொறுத்தவரை, அவை அடகுப் பொருள் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் கல்லூரிகளுக்கு எதிரான வழக்குகளில் கூறியிருக்கிறது. ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் எழுதிக் கேளுங்கள். தராவிட்டால் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பலாம்.

எனக்கு உண்மையில் கவலை தருவது புதிய நிறுவனத்தின் கேள்விதான். தாய்க்கு மூச்சுத் திணறும் இரவில் தொலைபேசியில் யார் குரல் கேட்கிறதோ அவரையே தெய்வமாக நினைக்கும் மனநிலையில்தான் அந்த மகள் இருக்கிறார். அந்த நிலையில் இருப்பவரிடம், "நான் வேறு இடத்துக்குப் போகிறேன், நீங்களும் வாருங்கள்" என்று நீங்கள் சொன்னால், அவரால் மறுக்க முடியுமா? மறுக்க முடியாத ஒருவரிடம் வாங்கும் சம்மதத்தைச் சம்மதம் என்று நான் ஏற்கமாட்டேன். எந்த நிறுவனத்தின் சேவையைப் பெறுவது என்பது குடும்பத்தின் உரிமை. உங்கள் நிறுவனம் அதைப் பறிக்க முடியாது, நீங்களும் அதைத் திருப்பிவிடக் கூடாது. நீங்கள் விலகிய பிறகு அவர்களே விசாரித்து, புதிய நிறுவனத்தை முறைப்படி அணுகினால், அங்கே நீங்கள் அவர்களைப் பராமரிப்பதில் தவறில்லை.

நோயாளிகளின் தொலைபேசி எண்களை எழுதிவைத்த குறிப்பேடு, வலி அளவைக் குறித்த தாள்கள், வாட்ஸ்அப்பில் வந்த ஸ்கேன் படங்கள் எல்லாம் நோயாளிகளுக்கும் அவர்களைப் பராமரிக்கும் நிறுவனத்துக்கும் உரியவை. ஒப்படைக்க வேண்டியதை ஒப்படைத்துவிட்டு, உங்கள் கைபேசியில் உள்ளவற்றை நிறுவனத்துக்குத் தெரிவித்து அழியுங்கள். நோயாளியின் ரகசியத்தைக் காப்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் நெறிமுறை விதிக்கும் கடமை. பணி ஒப்பந்தத்தின் வழியே கிடைத்த தனிநபர் விவரத்தை, ஆதாயம் கருதிச் சம்மதமின்றி வெளியிடுவது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 72ஏ பிரிவின்படி மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்கு இடமளிக்கும் குற்றமுமாகும். எனவே புதிய நிறுவனத்துக்கு, "என் அனுபவத்துடன் வருகிறேன், பட்டியலுடன் அல்ல" என்று எழுத்திலேயே பதில் கொடுங்கள். அதை அவர்கள் ஏற்காவிட்டால், அங்கே சேர்வதை மறுபரிசீலனை செய்யுங்கள்.

அந்த மகளிடம் நீங்கள் விலகுவதை மறைக்காதீர்கள். ஆனால் அதை நிர்வாகத்தின் அனுமதியுடன், உங்கள் இடத்துக்கு வரும் செவிலியரை நேரில் அழைத்துச் சென்று சொல்லுங்கள். அம்மாவை எந்தப் பக்கம் திருப்பினால் வலிக்கும், அடுத்த மாத்திரை எத்தனை மணிக்கு, நள்ளிரவில் யாரை அழைக்க வேண்டும் என்பதைப் படுக்கையருகில் நின்றே புதியவருக்கு விளக்கி, அதைக் குறிப்பாக எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். வழக்கு என்று வந்தால், கையொப்பமிட்ட அந்த ஒப்படைப்புக் குறிப்பே உங்களுக்குப் பெரிய பாதுகாப்பு.

மார்ஃபின் விஷயத்தில் மட்டும் தாமதிக்க வேண்டாம். 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் 2014இல் செய்யப்பட்ட திருத்தம் மார்ஃபினை நோயாளிகளுக்கு எளிதாகக் கிடைக்கச் செய்ததே தவிர, கணக்கில்லாமல் வைத்திருக்க அனுமதிக்கவில்லை. அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம் ஒவ்வொரு மாத்திரைக்கும் பதிவேடு வைக்க வேண்டும். வேலையை விட்ட மறுநாள் அதே பையுடன் நீங்கள் பிடிபட்டால், இறந்தவரின் வீட்டிலிருந்து நல்லெண்ணத்தில்தான் எடுத்து வந்தேன் என்ற விளக்கத்தை நீதிமன்றம்வரை சென்று நிரூபிக்க வேண்டியிருக்கும். நாளை காலையே பொறுப்பு மருத்துவரிடம் மாத்திரைகளை எண்ணிக் காட்டி ஒப்படையுங்கள். எண்ணிக்கையையும் தேதியையும் பதிவேட்டில் எழுதி, அதன் நகலில் கையொப்பம் வாங்காமல் திரும்பாதீர்கள்.